தலையெழுத்து

பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல் என்னுடையது,
பதினோரு வருடமாய்.
இந்தப் பக்கம் ஹீட்டர், ஸ்டேப்ளர், நான்.
அந்தப் பக்கம்
கொலராடோவின் பனியைக் காலணியில் கொண்டுவந்து
தரையில் விட்டுப்போகும் பிள்ளைகள்.

நியமன ஆணையில் என் வேலை பதினான்கு வரி.
பதினைந்தாவது: ‘சொல்லப்படும் இதர பணிகள்.’
அந்த ஒரு வரியில்தான் குடியிருக்கிறேன்.

"நெரேய்தா, ஒரு நிமிஷம் வர முடியுமா?
ஒரு அப்பா வந்திருக்கிறார், இங்கிலீஷ் தெரியவில்லை."
ஓடுவேன்.
அவர் மகன் மூன்று பாடத்தில் தோற்றதை
என் வாய்தான் சொல்ல வேண்டும்.
டீன் சொன்னது நாற்பது சொல்.
அது அவர் நெஞ்சில் விழாமல் மெல்ல இறங்க
நான் சேர்த்தது இன்னொரு நூறு.
நன்றியை என்னிடம் சொன்னார்,
கையை டீனுக்குக் கொடுத்தார்.

அக்டோபரில் என்னைப் படமெடுத்தார்கள்.
வழவழப்பான மடிப்புத் தாளில்
அதுவரை பேசியேயிராத பல்கலைத் தலைவர் பக்கத்தில்
சிரிக்கிறேன்.
மேற்பார்வையாளர் பதவி இல்லையென்று
இரண்டு முறை கடிதம் வந்தபோதும்
வரவேற்பறையில்
சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஏப்ரலில் பட்டச் சான்றிதழ்கள் அச்சாகி வந்தன.
எங்கள் எழுத்தொன்றின் தலையில்
ஒரு சிறு அலை உண்டு.
அலையோடு படித்தால் பெஞ்ஞா: பாறை.
அலையை எடுத்துவிட்டால் பெனா: துயரம்.
நாற்பத்து மூன்று பிள்ளைகளின் தலையிலிருந்து
எடுத்துவிட்டிருந்தது இயந்திரம்.
புகார் அனுப்பினேன்.
‘சிஸ்டம் ஏற்காது’ என்று பதில்.
அதன் கீழே பச்சையில்: ‘தீர்க்கப்பட்டது.’

அலுவலக ஆவணத்தில் கை வைப்பது குற்றம்,
கையேட்டில் பக்கம் அறுபத்திரண்டு.
அதை ஸ்பானிஷில் எழுதிக்கொடுத்ததும் நான்தான்.

ஐந்து மணிக்குப் பிறகு
விளக்கொன்றை மட்டும் வைத்துக்கொண்டு
மெல்லிய முனைக் கறுப்புப் பேனாவால்
ஒவ்வொன்றாய் அலை போட்டேன்.
முதல் மூன்றில் மூச்சே விடவில்லை.
யாராவது கேட்டால் இருக்கவே இருக்கிறது
பதினைந்தாவது வரி.

இரவுத் துப்புரவுக்கு அபுந்தியோ வந்தார்,
வாக்யூம் முன்னால், அவர் பின்னால்.
மேசையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
மேசை அதிராமலிருக்க
வாக்யூமை அணைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்.
பதினேழாவது மாடிவரை பெருக்க வேண்டியவர்.

முப்பத்தெட்டாவது,
யாரெட்சி பெனா. நர்சிங்.
அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
பேனாவை நீட்டினேன்.

பேன்ட்டில் கையைத் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
அச்சில் வந்த தன் பெயரைக் கொஞ்ச நேரம்
யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
குனிந்தார்.

அலை கொஞ்சம் பெரிதாகிவிட்டது,
இடது பக்கம் ஏறி நின்றது.
"கெடுத்துவிட்டேனா?" என்றார்.
இனி யாராலும் அழிக்க முடியாது என்றேன்.

மை காயட்டுமென்று
இருவரும் ஊதினோம்.