ஞாயிறு டியூட்டி

முதலில் அது உண்மையாகத்தான் இருந்தது.
ஆறாம் வார்டில் ஆள் இல்லை.
திலினிக்குப் பிள்ளைகளைத் தஹம் பாடசாலைக்குக்
கூட்டிப்போக வேணும்.
"இந்த ஞாயிறு மட்டும், அக்கா" என்றாள்.
அந்த 'மட்டும்'
மூன்று வருசம் நீண்டது.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
நோயாளியைப் பார்ப்பதும் ஜெபம்தானே மகள் என்றார் ஃபாதர்,
என் தலையில் கைவைத்து.
அந்த நேரம் நான்
பதினான்காம் கட்டில் கிழவரின் கையில்
கனியூலா ஏற நரம்பு கிடைக்காததை
நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ரோஸ்டர் மாறிற்று.
தை மாதம் தொடங்கி எனக்கு ஞாயிறு லீவு.
வீட்டில் சொல்லவில்லை.

ஆறேகாலுக்கு அயர்ன்பொக்ஸ்.
வெள்ளைச் சீருடை, கொண்டை, தொப்பி,
மார்பில் குத்திய மணிக்கூடு.
பாலையூற்றிலிருந்து வரும் ஸ்கூட்டி
ஆஸ்பத்திரிப் பக்கம் தானாகச் சரியும்.
அதை இழுத்து நிமிர்த்தி
டச் பே வரை கொண்டுவருவேன்.
மதில் ஓரம் இருப்பேன்.
வேறொன்றுமில்லை. இருப்பேன்.

காரணம் ஒன்று இருந்திருந்தால்
சொல்வதற்கு லேசாக இருந்திருக்கும்.
சண்டைக் காலத்தில் நான் விட்டுப் போகவில்லை.
கடல் வந்த அன்று
கொரிடோர் நீளத்துக்குக் கிடத்தியிருந்தவர்களை
ஒவ்வொருவராய்த் துணியால் மூடி
ஒவ்வொருவருக்கும்
நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே என்று
முழுதாகச் சொன்னவள் நான்.
பாதியில் விட்டதில்லை,
அவர்கள் எந்தச் சமயம் என்று பார்த்ததுமில்லை.

போனது அப்போதல்ல.
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை,
சேலைன் கணக்கு எழுதும்போது தேடினேன்.
இல்லை.
பஸ்ஸில் விட்ட குடை மாதிரி.
எந்த பஸ் என்று தெரியாது.
மழைகூடப் பெய்யவில்லை.

போன மாதம்
மதிலின் அந்தப் பக்கம் ஒரு புள்ளிமான்
யாருடைய கையிலோ இருந்த கடதாசிப் பையை
இழுத்துக்கொண்டிருந்தது.
விடாமல் பிடித்திருந்தவன்
என் மகன்.

பெரிய கோயில் இரண்டாம் பூசையில்
பாடகர் குழுவுக்குக் கிட்டார் அடிக்க வேண்டியவன்.
தோளில் கறுப்புக் கிட்டார்ப் பை.
என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.
எங்கே ஓடுவது? முன்னால் கடல்.

"டியூட்டியா அம்மா?"
"ம்."
"பூசை முடிஞ்சுதா?"
"ம்."

மீன் ரோல்ஸ் ஒன்றை நீட்டினான், ஒரு கடி கடித்தது.
வாங்கித் தின்றேன்.
இடம் விட்டு இருக்கக் கிட்டார்ப் பையை நகர்த்தினேன்.
கையோடு வந்துவிட்டது. பாரமே இல்லை.
"டினோஜன், கிட்டார் எங்கே?"
"சிநேகிதன் வீட்டில."
என் தொப்பியைப் பார்த்தான்.
நானும் மேலே கேட்கவில்லை.

மலையில் கோணேசர் கோயில் மணி அடித்தது.
அது எங்கள் மணியில்லை.
என்றாலும்
அடித்து ஓயும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை.
மான் மட்டும்
கடதாசியை மென்றுகொண்டு நின்றது.

மத்தியானம்.
அன்சலம் காணிக்கை எண்ணிவிட்டு வந்த கையைக் கழுவி
சோற்றில் வைத்தார்.
"பெரிய கோயிலில பிரசங்கம் என்ன தம்பி?"
"காணாமற்போன ஆடு."
சட்டென்று சொன்னான். நல்ல தெரிவு.

அவருடைய கை சோற்றில் நின்றது.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
ஞாயிறு ஒன்றென்றால் வாசகமும் ஒன்று.
பாலையூற்றிலும் பெரிய கோயிலிலும்
ரோமாபுரியிலும் அதேதான்.

மகனைப் பார்த்தார்.
பிறகு குனிந்து,
கதவடியில் நான் கழற்றிவைத்திருந்த வெள்ளைச் சப்பாத்தை.
அதைச் சுற்றி சீமெந்தில் கொஞ்சம் மணல்.

"அந்த ஃபாதர் எப்பவும் தன்ர பாட்டுக்குத்தான்" என்றார்.
"சொதியை இஞ்சால தள்ளு."

அடுத்த ஞாயிறு ஆறேகாலுக்கு
அயர்ன்பொக்ஸைத் தொட்டேன். சூடு.
கதிரை முதுகில்
மடிப்புக் கலையாமல் என் சீருடை.
அவர் முதல் பூசைக்குப் போயிருந்தார்.