ரெகுலேட்டர்

மின்விசிறி இனி ஒரே வேகத்தில்தான் சுற்றும்.
அதன் ரெகுலேட்டரைக் கழற்றி
பிஸ்கட் டப்பாவின் நெற்றியில் பதித்துவிட்டேன்.
காலண்டர் பறக்கிறது, கொசுவுக்குக்கூட நிற்க இடமில்லை
என்கிறான் இசக்கிராஜ் போர்வைக்குள்ளிருந்து.

லேமிங்டன் ரோட்டில் மழைக்கு ஒதுங்கிய கடையில்
ஒதுங்கிய பாவத்துக்கு வாங்கிய சில்லு.
பொம்மைப் பியானோவின் பதினேழு கட்டைகள்,
பதினெட்டாவதை எந்தக் குழந்தை கடித்துத் தின்றதோ.
இரண்டுக்கும் நடுவே ஒரு மிடி கம்பி.
சொல்லப்போனால் கம்பியில் ஓசையே போவதில்லை.
எண்கள்தாம் போகின்றன:
இந்தக் கட்டை, இவ்வளவு அழுத்தம், இப்போது.
பிறகு, விட்டாயிற்று.
அது ச ஆவதும் சனியன் ஆவதும்
டப்பாவுக்குள் நான் எழுதி வைப்பது.

ஒன்றில் வைத்தால் ஒழுங்காகப் பாடும்.
அங்கே நான் அதிகம் நிற்பதில்லை.
இரண்டில் பக்கத்துக் கட்டைக்குப் பொறாமை,
ரி-யை அழுத்தினால் க-வும் சேர்ந்து முனகும்.
மூன்று, குக்கர்.
தொட்டால் உஸ்ஸென்று பொருமும்,
மூன்றாம் தொடலில்தான் விசில்.
போன வாரம் அதைக் கேட்டு
எதிர்வீட்டில் யாரோ அடுப்பை அணைத்திருக்கிறார்கள்.
பருப்பு வேகாத சண்டை இங்கே வரை கேட்டது.
நான்கில் அழுத்தினால் ஒன்றும் வராது.
எப்போது வருவதென்று
அதுவே சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யும்.
மத்திய ரயில்வே என்று பெயர் வைத்தோம்.
மாலை ஆறு மணிக்கு அழுத்திய ம
இரவு இரண்டே காலுக்கு வந்து சேர்ந்தது,
வருந்துகிறோம் என்ற அறிவிப்புகூட இல்லாமல்.

ஐந்து காலியாகக் கிடந்தது.

சயான் கோலிவாடாவில் சுவர் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு.
சனிக்கிழமை இரவு அந்தப் பக்கத்திலிருந்து
சாவந்த் இரண்டு முறை தட்டினார்.
நியாயம்தான்,
நாலு மணிக்கு எழுந்து பால் வண்டி ஓட்டுகிறவர்.
நிறுத்தினேன். நின்றபாடில்லை.
‘விட்டாயிற்று’ கம்பியில் எங்கோ தொலைந்துபோய்
ஒற்றை ப மட்டும்
பந்தி முடிந்தும் கிளம்பாத ஆள்போல
அறை நடுவில் உட்கார்ந்துவிட்டது.
கட்டையை உலுக்கினேன். டப்பாவை அதட்டினேன்.
கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஞாயிறு முழுக்க யோசித்து
பத்து ரூபாய் நாணயம் அகலத்தில் ஒரு பித்தளை வட்டை
அலாரம் கடிகாரத்தின் வயிற்றிலிருந்து எடுத்து
அதே சுவரில் டேப் போட்டு ஒட்டினேன்.
இனி அவர் தட்டினால் தட்டுவதே சுரம்.
எவ்வளவு கோபமோ அவ்வளவு கீழ்.

இரவு வேண்டுமென்றே குக்கரை விசிலடிக்கவிட்டு
ஐந்துக்குத் திருப்பிக் காத்திருந்தேன்.
டொப்.
டப்பா அடிவயிற்றிலிருந்து ம்ம்ம் என்றது.
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமில்லை.
பிறகு மெல்ல, விரல் முட்டியால்.
டப்பாவுக்கு விக்கல் எடுத்தது.
இசக்கிராஜ் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தான்.
பிறகு நகத்தால் நீளமாக ஒரு கீறல்.
கீறலுக்கென்று நான் எதையும் எழுதியிருக்கவில்லை.
ஆனாலும் அது ஏதோ சொன்னது,
தகரக்கூரையில் புறா சறுக்கியது மாதிரி.

காய் கர்தாய் என்றது அவர் மனைவியின் குரல்.
பதில் இல்லை.
தட்டினார். நிறுத்தினார். உள்ளங்கையால் ஒன்று.
மணி பதினொன்றரை.
நாலு மணிக்கு எழ வேண்டியவராயிற்றே என்று
சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.
அவர் இப்போது காதைச் சுவரில் வைத்திருப்பார்
என்று தோன்ற,
மறுபடி கூட்டினேன்.