முன்தேவை

டுலூத் துறைமுகத்தில் தூக்குப்பாலம் இயக்குகிறேன்.
இரவுப் பணி. ஜனவரி முதல் வாரம்.
ஏரியின் ஓரங்கள் இறுகிவிட்டன,
இனி இரண்டோ மூன்றோ தாதுக் கப்பல்கள்,
பிறகு மார்ச் வரை பாலத்துக்கு ஓய்வு.

மேசைமேல் கணிதத்துறை கொடுத்த தாள்.
பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி அம்புகள்.
இது முடித்தால்தான் அது,
அது முடித்தால்தான் அதற்கப்பால் உள்ளது.
நுண்கணிதம் இரண்டு வரை வந்துவிட்டேன்.
பி மைனஸ்.
முடிவிலாத் தொடர்களில் கால் இடறி
எழுந்து நடந்தது எனக்கு மட்டும் தெரியும்.

அடுத்து மூன்றா, நேரியல் இயற்கணிதமா?
மூன்று முடியாமல் அது கிடையாது என்கிறது அம்பு.
மூன்றோ வசந்தத்தில், செவ்வாய் வியாழன், காலை எட்டு.
வசந்தத்தில் பனி உடையும்,
வெளியே காத்திருந்த கப்பல்களெல்லாம்
ஒரே வாரத்தில் வாசலுக்கு வரும்,
காலை எட்டுக்கு என் கை நெம்புகோலில் இருக்கும்.
அம்பு வரைந்த பேராசிரியர்
மலைமேல் குடியிருக்கிறார் போலும்.

லிபான் வேறு கணக்குச் சொல்கிறான்:
"இரண்டும் வேண்டாம் மார்லிஸ்,
முதலில் நிறுவல் எழுதக் கற்றுக்கொள்.
நான் நேரே மெய்ப்பகுப்பாய்வில் குதித்தேன்.
எப்சிலான், இத்துனூண்டு எழுத்து,
என் உதவித்தொகையைத் தின்று
காரையும் விற்க வைத்தது."
இப்போது பஸ்ஸில் வருகிறான்.
பஸ்ஸில் படிக்க முடிகிறதாம்.

மூவைந்தும் ஐமூன்றும் ஒன்று என்று
மூன்றாம் வகுப்பில் சொன்னார்கள், நம்பினேன்.
நூலகத்தில் புரட்டிய புத்தகத்தில்
அணிகளை இடம் மாற்றிப் பெருக்கினால்
விடையே வேறு.
முப்பத்தோரு வயதில்
இதைப் பார்த்து ஏன் சிரித்தேன்?
பின்னாலிருந்தவர் உஷ் என்றார்.

வானொலி கரகரக்கிறது. ஒரு கப்பல், இருபது நிமிடத்தில்.
மணி. தடுப்பு. பிறகு தூக்கு.
இங்கே வரிசை மாறினால்
ஒரு கார் காற்றில் தொங்கும்.
இதற்கு அம்பு போட்ட தாள் வேண்டாம்,
உள்ளங்கைக்கே தெரியும்.

ஆனால் அந்தப் பெட்டிகளுக்கிடையே
யாருடைய கார் தொங்கப் போகிறது?

கப்பல் போகிறது. மெதுவாக, வெகு மெதுவாக,
ஒரு தெருவே விளக்கேற்றிக்கொண்டு நகர்வதுபோல.
தடுப்புக்கு அப்பால் ஒருவன் இறங்கி
கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டுகிறான்.
பாலம் இறங்கும்வரை
அவனுக்கும் வேறு வேலை இல்லை.

விலக்குக் கோரும் படிவத்தை எடுக்கிறேன்.
நேரியல் இயற்கணிதம், மாலை ஆறு மணி, புதன்.
புதன் மகன் அவன் அப்பாவிடம் இருப்பான்.
முன்தேவை நிறைவேறியதா? இல்லை.
காரணம்: இரண்டு வரிக்கு மிகாமல்.

நிறைய எழுதி, அடித்து,
கடைசியில் ஒரே சொல் எழுதினேன்:
ஏரி.

அலுவலகத்தில் அதை
யாரோ பேராசிரியரின் பெயரென்று நினைத்து
முத்திரை குத்தினாலும் குத்தலாம்.