இடது கைக்கு வராத வேலை

முனிர்காவில் ஜனவரி.
தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கல்லாய் உறைந்து
தலைகீழாய்க் கவிழ்த்தாலும் அசையவில்லை.
என் வலது மோதிரவிரலில்
நகக்கண்ணின் ஓரத்தில்
ஒரு தோல் எழுந்து நிற்கிறது,
குருணை அளவு.

அதற்குப் பெயர் தேடினேன்.
நகத்தில் வெண்புள்ளி விழுந்தால் புதுத்துணி வரும் என்று
சொல்லிவைத்த எங்கள் ஊர்
இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
சிம்பு என்று நானே வைத்துக்கொண்டேன்.
மூங்கிலிலிருந்து பிரிவது போலத்தான்
என்னிலிருந்து பிரிகிறது.

மஃப்ளர் அதைப் பிடித்துக்கொள்கிறது.
கோட்டுப் பையின் உட்புறம் பிடித்துக்கொள்கிறது.
வங்கியில் ஐந்நூறு ரூபாய்க் கட்டு எண்ணும்போது
தாள்கள் தெரிந்தே செய்வதுபோல்
உரசிக்கொண்டு போகின்றன.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்றவர்
மறுபடி எண்ணச் சொன்னார், இந்தியில்.
எண்பத்தேழில் வலித்தது என்று
அவரிடம் எந்த மொழியில் சொல்ல?

மெட்ரோவில் பல்லால் கடித்து இழுத்தேன்.
தப்பு.
அறுந்துவரவில்லை, உள்நோக்கிக் கிழிந்தது.
நூல் விட்ட ஸ்வெட்டர் மாதிரி
இழுக்க இழுக்க முழங்கை வரைக்கும்
பிரிந்துவிடுவேன் என்று பயந்தேன்.
ஹௌஸ் காஸ் வருவதற்குள் உதட்டில் ரத்தம்.

மறுநாள் விரல் சிவந்து விண்விண்ணென்றது.
பத்து ரூபாய்க்கு இரண்டு எலுமிச்சை வாங்கி
ஒன்றைக் குடைந்து விரலில் செருகிக்கொண்டு
கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்,
மஞ்சள் தலை முளைத்த விரலோடு.
ஜெசிந்தா பார்த்தாள்.
சிரிப்பை முழுங்கியது
அவள் தொண்டையில் தெரிந்தது.
நாங்கள் பேசி ஒன்பது நாள்.

கீசர் பில் மூவாயிரத்து நூற்று நாற்பது.
கொதிக்கிற தண்ணியில அரைமணி நேரம் குளிக்கிறது நீ,
பாதிப் பணம் நான் எதுக்குத் தரணும் என்றாள்.
நான் அவள் அண்ணனைப் பற்றி ஒன்று சொன்னேன்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

நகமும் சதையும் போல என்பார்கள் எங்களை.
நகமும் சதையும் சேரும் இடத்தில்தான்
இந்த எழவெல்லாம் முளைக்கிறது.

எரிந்தது, வடிந்தது, சிவப்பு போனது.
எலுமிச்சையாலா, உப்புப் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீராலா,
தெரியாது.
சிம்பு மட்டும் அப்படியே.
இழுக்கக்கூடாது, வெட்டவேண்டும்
என்பதற்குள் புத்தி வந்திருந்தது.
பத்து நிமிடம் ஊறவைத்தேன்.
நகவெட்டியை சானிடைசரில் துடைத்தேன்.
எல்லாம் தயார்.
ஆனால் வலது கை.
வெட்டவேண்டியது இடது கை;
அது ‘அ’ எழுதப் பழகும் பிள்ளைபோல் நடுங்கி
நல்ல தோலை ஒருமுறை கவ்வியது.

எழுந்துபோய்
அவள் முன்னால் கையை நீட்டினேன்.
நகவெட்டி உள்ளங்கையில் கிடந்தது.
வேறொன்றும் சொல்லவில்லை.

போனைக் கவிழ்த்துவைத்தாள்.
விரலை டியூப்லைட் பக்கம் திருப்பினாள்.
“வெந்நீர்தான் இதுக்குக் காரணம்”,
ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.
டிக்.
விழுந்தது போர்வையில் எங்கே என்று
இரண்டு பேரும் தேடினோம். கிடைக்கவில்லை.
பாட்டிலில் கரண்டிக் காம்பை விட்டுச் சுரண்டி
அவள் உள்ளங்கையில் தேய்க்க
கல் எண்ணெயானது.

அப்போதுதான் பார்த்தேன்.
அவள் கட்டைவிரல்கள் இரண்டும்
கடித்துக் கடித்துக் குதறிக்கிடந்தன.
நாலு சிம்பு, ஒன்றில் காய்ந்த ரத்தம்.
கை குடு, என்றேன்.

இப்போது ஏழு நிமிடத்தில் கீசரை நிறுத்துகிறேன்.
பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை,
படுக்குமுன் விரல்நுனிக்கு எண்ணெய்.
பில்லைப் பாதிப் பாதி கட்டினோம், அபராதத்தோடு.

அண்ணனைப் பற்றி நான் சொன்னது
இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது.
சில நாள் அவள் பேச்சில் மாட்டுகிறது,
சில நாள் என் பேச்சில்.
இரண்டு பேரும்
இழுக்காமல் இருக்கிறோம்.