விளக்கம், நான்கு வரிக்கு மிகாமல்

ஐயா,
முக்கூடல் பக்கத்து எங்கள் பள்ளியில்
பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒன்பது பேர் தவறியதற்குக்
காரணம் கேட்டிருந்தீர்கள்.
நான்கு வரிக்கு மிகாமல்.

பேராச்சி செல்விக்கு
இருபத்தைந்தாம் வாய்ப்பாடு தலைகீழாகவும் வரும்.
ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி.
மற்ற வாய்ப்பாடுகளுக்குக்
கூலி கிடையாது.

வியாழக்கிழமை அவள் வருவதில்லை.
அம்மாவுக்கு இருமல்.
கடையில் கட்டு ஒப்படைக்க இவள்தான் போகவேண்டும்.
திருப்புதல் தேர்வை எல்லாம்
வியாழனாகப் பார்த்து வைத்தது யார் என்று தெரியவில்லை.

பூலுடையாரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்,
ஆய்வுக்கு வந்த அன்று
கதவோரம் எழுந்து நின்ற நெட்டைப் பையன்.
முன்பு பாளையங்கோட்டையில் படித்தான்,
நூற்றுக்கு நூறு என்று ஆர்ச் வைக்கிற பள்ளி.
ஒன்பதாவதில் அரையாண்டு மார்க்கைப் பார்த்துவிட்டு
அப்பாவைக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து,
டி.சி.யும் கொடுத்து அனுப்பினார்கள்.
அங்கே நூறு நூறாகவே இருக்கிறது.
இங்கே ஒன்பதில் அவன் ஒருத்தன்.

பீடிக்கடையில் செக்கிங் பார்ப்பவர்
கட்டைப் பிரித்து உதறுவாராம்.
"இலையே ஓட்டை அண்ணாச்சி, நீங்க குடுத்ததுதான்."
"கழிவுன்னா கழிவுதாம்ட்டீ."
கூலியில் பிடித்துக்கொள்வார்.

இதை எழுதிவிட்டு,
எங்களுக்கு வந்த இலை அப்படி ஐயா
என்று ஒரு வரி சேர்த்தேன்.
சேர்த்து, அடித்தேன்.
பேராச்சி இலை இல்லை.
இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்து
இரவு பதினொன்றரை வரை சுற்றுகிறவள்.
முப்பத்து மூன்று எடுத்திருக்கிறாள்.
வேண்டியது முப்பத்தைந்து.

இன்னொன்றும் உண்டு,
உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
காலை ஆறு நாற்பதுக்கு
எங்கள் தெருவில் மஞ்சள் வேன் ஹாரன் அடிக்கும்.
என் மகள் ஏறுவாள். அதே ஆர்ச் பள்ளி.
சேர்க்கை அன்று அவளுடைய மதிப்பெண் தாளைத்தான்
மேலே வைத்து நீட்டினேன்.
அந்த அம்மாள் அதை நகர்த்திவிட்டு
வருமானக் கட்டத்தைப் படித்தார்.
அரசு ஊழியர் என்றதும் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.

நான்கு வரி எப்போதோ தாண்டிவிட்டது.
துணைத் தேர்வு அட்டவணை வந்திருக்கிறது,
கணக்கு வியாழக்கிழமை.
அன்றைக்குக் கட்டை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்
என்று பேராச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்:
"எண்ணத் தெரியுமா டீச்சர்?"