இரண்டாம் பதிப்பு

தார்த்து பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில்
கேட்பதுதான் என் வேலை.
யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள்,
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று
இங்கே ஒரு கையெழுத்துப் போடுவீர்களா.
கடன் வசூலிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல்
பார்ப்பார்கள்.

ஹில்லார் உய்போபூ ஏழு மாதம் இழுத்தடித்தார்.
ஏரியின் உறைபனி, முப்பத்தொரு குளிர்காலம்,
வாரம் ஒரு துளை, துளைக்கு ஓர் எண்.
இன்னும் ஒரு கட்டுரை பாக்கி என்பார்.
அது என் முதுகுவலி, பொதுச்சொத்து இல்லை என்பார்.
ஓய்வுபெற ஒன்பது நாள் இருக்கையில்
ஒரு பென் டிரைவை என் மேசையில் வைத்துவிட்டு
குடையை மறந்து போனார்.

உள்ளே நான்கு கோப்புகள்:
கடைசி
கடைசி_புதிது
உண்மையிலேயே_கடைசி
இதைத்_தொடாதே.

தொட்டேன்.

'ஹெ' என்று மட்டும் தலைப்பிட்ட ஒரு பத்தி.
என்ன அலகு என்று தொலைபேசியில் கேட்டேன்.
அலகில்லை, ஹெல்யு என்றார்.
மீன்பிடிச் சங்கத்தில் கணக்கு எழுதியவள்.
அவர் கூட்டங்களுக்குப் போன வாரங்களில்
கோடு கீறிய துடைப்பக் கழியோடு
பனிமேல் நடந்து போனவள்.
கழியின் நுனி தேய்ந்திருந்தது,
அவள் எண்களில் இரண்டைக் கழிக்க வேண்டும்.
இதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?
சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
எனக்குத் தெரியுமே, என்றார்.

பதினெட்டுக் கட்டுரைகள்.
ஒன்றின் நன்றியுரையிலும் அவள் இல்லை.
விளக்கக் கோப்பில் தட்டினேன்:
அளந்தவர்கள்: உய்போபூ, ஹில்லார்; ஓயமா, ஹெல்யு.
கழி பற்றித் தனியே இரண்டு வரி.
பொத்தானை அழுத்தினேன். ஏரி வெளியே போயிற்று.

பத்தொன்பதாம் நாள் உலான்பாத்தரிலிருந்து ஒரு கடிதம்.
நொமுந்தாரி, முனைவர் பட்ட மாணவி.
2003 மார்ச் 7, தடிமன் 0.
முந்தின வாரம் 41, அடுத்த வாரம் 38.
ஏரி ஏழு நாளில் உருகி உறைந்ததா,
இல்லை அன்று யாரும் போகவில்லையா?

அந்த மார்ச்சின் சரிவைப் பற்றி எழுதியதுதான்
அவருக்குப் பேர் வாங்கித் தந்த கட்டுரை.

குடையை எடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.
திரையில் அந்தச் சுழி
பனியில் துளைத்த வட்டம் போலவே இருந்தது.
உள்ளே தண்ணீர் தெரிகிறதா என்று பார்ப்பவராய்
குனிந்தார்.

போகவில்லை.
பெரிய காரணம் ஒன்றுமில்லை. குளிர்.
மைனஸ் இருபத்தாறு. ஹெல்யுவும் அப்போது இல்லை.
கட்டத்தை வெறுமையாக விட்டால்
பணம் கொடுத்தவர்கள் கேட்பார்கள் என்று
ஒரு சுழி போட்டேன், பிறகு மறந்துவிட்டேன்.
கணினி மறக்கவில்லை.
கூட்டி வகுத்துவிட்டது.

அழிக்கும் விசையைத் தானே அழுத்துவேன் என்றார்.
ஒரு விரல், ஒரு தட்டல்.
ஆய்விதழுக்கு எழுதிய ஒன்பது வரிக் கடிதத்துக்குத்தான்
நான்கு நாள் ஆனது.
குடையை இந்த முறையும் மறந்தார்.

காபி அறையில் மண்ணியல்துறை எவால்த் சொன்னார்:
இதனால்தான் நான் எதையும் வெளியே விடுவதில்லை.
சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவினார்.
நான் பதில் சொல்லவில்லை.
என் கோப்பையில் இன்னும் பாதி இருந்தது.

பதிப்பு இரண்டு. மாற்றம்: ஒரு கட்டம்.
2003 மார்ச் 7, அளக்கவில்லை.

நொமுந்தாரியின் பதில் இரவில் வந்தது.
நன்றி. எங்கள் ஏரிக் கணக்கிலும்
பதினேழு சுழிகள் இருக்கின்றன.
நாளை என் பேராசிரியரிடம் கேட்கப்போகிறேன்.
வயிறு கலங்குகிறது.

இன்றுவரை பதிவிறக்கங்கள் பதினொன்று.
அதில் நான்கு நான்தான்,
சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க.