இரண்டாவது பெட்டி

விடியற்காலை ஐந்தரை. மைனஸ் முப்பத்தொன்று.
பஸ்ஸை எடுக்கும் முன்
பிரேக்கின் காற்று முள்ளைப் பார்ப்பேன்.
சிவப்பைத் தாண்டி அது ஏறி நிற்காவிட்டால்
பேம்பினா சாலையில் ஓர் அடி நகரமாட்டேன்.
பதினான்கு வருடம்.
என் சொந்தக் காற்றுக்கும் ஒரு முள் உண்டென்று
ஜனவரியில்தான் சொன்னார்கள்.

கைகள் தலைக்கு மேல்,
சரணடைந்தவள் போலப் படுத்திருந்தேன்.
மரிசெல் என் வயிற்றில் ஒரு பெட்டி வைத்தாள்.
எடையே இல்லை. முகத்தில் ஆறு மினுங்கல் பொட்டு.
கேமரா அந்தப் பொட்டுகளைத்தான் பார்க்குமாம்,
என்னை இல்லை.
அது ஆறுதலாக இருந்தது.

இடப்பக்க மார்பு. அதற்குப் பின்னால் இதயம்.
மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால்
இதயம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும்,
நெரிசலில் சொல்லாமலே பின்னால் போகும்
நல்ல பயணியைப் போல.
கதிர் அப்போது அதைத் தொடாமல் போகும்.

திரையில் என் கோடு
பச்சைப் பட்டைக்குள் அழகாக நின்றது.
கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.
இயற்பியலாளர் ஓலெக்ஸா மட்டும்
படங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துத்
தாடியைச் சொறிந்தார்.
வயிறு பதினாறு மில்லிமீட்டர் எழும்பியிருக்கிறது.
நெஞ்சு மூன்று.
இதயம் இருந்த இடத்திலேயே.

இரண்டாவது பெட்டி வந்தது, மார்பெலும்பின் மேல்.
இரண்டு கோடுகள்.
ஒன்று துள்ள, மற்றது தூங்கியது.
"வயிற்றை விடுங்கள். நெஞ்சை உயர்த்துங்கள்."
பன்னிரண்டு வயதிலிருந்து
நெஞ்சை நிமிர்த்தாதே, குனிந்து நட
என்று கேட்டு வளர்ந்த உடம்பு.
அதற்கு இந்த வேலை தெரியவில்லை.

ஒரு கிழமை தவணை கொடுத்தார்கள்.

வீட்டில் தரையில் படுத்தேன்.
தேவராசன் டிவி ரிமோட்டை என் நெஞ்சில் வைத்து
அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்தான்.
தானும் மூச்சைப் பிடித்தான், அதுதான் நியாயமாம்.
பதினொன்றில் வெடித்தான்.
நான் சிரித்ததில் ரிமோட் விழுந்து
ஹாக்கி போய், யாரோ கேக் செய்துகொண்டிருந்தார்கள்.
அறுவைக்குப் பிறகு அவன் கண்
அந்தப் பக்கம் வந்தது அன்றுதான்,
எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க.

பச்சை குத்திய புள்ளி மூன்று:
நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று.
குளியலறைக் கண்ணாடியில் வாசித்தேன்.
ஃ.
உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது.
அதற்கு அரை மாத்திரை.
எனக்கு இரவில் இரண்டு.

அடுத்த முறை நெஞ்சு பதினொன்று.
ஓலெக்ஸா திரையைத் திருப்பிக் காட்டினார்:
மார்புக்கும் இதயத்துக்கும் நடுவே
சுண்டுவிரல் அகலத்தில் ஒரு கறுப்புச் சந்து.
இது என்ன என்று கேட்டேன்.
"காற்று. உங்களுடையது."

ஏழாம் நாள் இருமினேன்.
கோடு பட்டையைவிட்டுப் பாய, கதிர் தானாகவே நின்றது.
ஒருவரும் ஏசவில்லை.
பனியில் ஓடிவருபவருக்காக
நான் கதவைத் திறந்து வைத்திருப்பேனே,
அப்படிக் காத்திருந்தது.

மே மாதம் மறுபடி பஸ்.
தள்ளுவண்டியோடு நின்றவளுக்காக
அது பக்கவாட்டில் குனிந்து
உஸ்ஸென்று மூச்சு விட்டது.
அடுத்த சிவப்பு விளக்கில் கவனித்தேன்:
பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.
விளக்கு மாறிவிட்டது.
பின்னால் ஹாரன்.
விடலாம் என்று மரிசெல்
இன்னும் சொல்லவில்லை.